விரல் விழுந்த வசனம்

அந்தத் திங்கட்கிழமை காலை என் விரல் எங்கே விழுந்தது என்று ஐந்து நாள் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் இத்தனை கூத்து நடந்திருக்காது. எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். வேண்டிய நேரத்தில் மட்டும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும்.

நான் தையல்காரி. கடை சின்னது. ஒரு வெட்டுமேஜை, இரண்டு மெஷின், அளவெடுக்க ஒரு திரை, ஆளுயரக் கண்ணாடி. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ஒரு வழக்கம். காலையில் கடையைத் திறந்ததும், முதல் துணியில் கத்தரி படுவதற்கு முன்னால், டிராயரிலிருந்து பைபிளை எடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு திறந்து விரலை வைப்பேன். விரல் எந்த வசனத்தில் நிற்கிறதோ, அதுதான் அன்றைக்கு ஆண்டவர் எனக்குச் சொல்வது. அதை டைரியில் தேதி போட்டு எழுதிவிட்டுத்தான் வேலையில் கை வைப்பேன்.

பெரும்பாலும் நல்லதாகத்தான் வரும். சில நாள் இன்னார் இன்னாரைப் பெற்றார் என்கிற வம்ச வரிசையில் போய் விழும். அன்றைக்கு யாராவது பிள்ளைக்குக் கவுன் தைக்க வருவார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "பிடிக்கலைன்னா மறுபடி திறந்து பாரு. மூணுல ரெண்டு நல்லதா வந்தா எடுத்துக்க" என்பார். அவர் லிப்ட் மெக்கானிக். பொத்தானை அழுத்தினால் பெட்டி வரவேண்டும், வராவிட்டால் மேலே ஏறி மெஷின் அறையில் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அந்த மனிதருக்குத்தான் மேலே ஏற முடியாமல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பரிசோதனையெல்லாம் முடித்து டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். "இதயத்துல ஒரு வால்வு சுருங்கிப்போச்சு. மாத்தியாகணும். தள்ளிப்போடாதீங்க. இது சொல்லிட்டு வராது" என்றார். வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தார்கள்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, நல்ல வார்த்தையா ஒண்ணு கொடும்" என்று கெஞ்சிவிட்டுத்தான் திறந்தேன். ராஜாக்களின் இரண்டாம் புத்தகம். ஒரு வியாதிக்காரனிடம் தீர்க்கதரிசி வந்து சொல்கிற இடத்தில் விரல் நின்றது. வீட்டை ஒழுங்குபண்ணி வைத்துக்கொள், நீ சாகப்போகிறாய், பிழைக்கமாட்டாய் என்கிறார்.

புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டேன். இன்னொரு தடவை திறக்கலாமா என்று கை போனது. அது ஆண்டவரைச் சோதிப்பதாகிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டேன். எழுதாமல் விட்டால் அவர் சொன்னதை மறைத்ததாகிவிடும். அதனால் எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்தில் 'வியாழக்கிழமை' என்று போட்டு அடிக்கோடும் இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

அன்றைக்கு ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையாக வெட்டிவைத்தேன். தொழிலுக்கு வந்த முதல் மாதம் செய்த தப்பு. மதியம் அவர் வந்தார். இஸ்திரிப் பெட்டியின் ப்ளக் கருகிப்போயிருந்தது, மாற்றித் தருகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். நான் திரைக்குள் ஒரு அம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் ப்ளக் மாற்றியிருந்தது, ஆள் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போகிறவர் இல்லையே என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கத் தலையில் இடமில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனிதர் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மாதமாக ஒழுகுகிற குழாய். நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்ட குழாய்.

"என்னங்க திடீர்னு?"

"லீவு போட்டுட்டுச் சும்மா எப்படி உட்கார்றது" என்றார், நிமிராமல்.

வீட்டை ஒழுங்குபண்ணி வை. என் காதுக்குள் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தால், சுவிட்சுப் பலகையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. விளக்கு, மின்விசிறி, மோட்டார். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நிறத்தில் நூல். என் கடையிலிருந்து எடுத்த நூல்தான். "இங்க வா, மோட்டார் நின்னுபோச்சுன்னா முதல்ல இதைத்தான் பார்க்கணும்" என்று என் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார். இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனாலும் கை தானாக அந்த வேலையைச் செய்கிறது, இது ஆண்டவர் செய்விக்கிறதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அவருக்குக் காய்ச்சல், வியாழக்கிழமை முடியாது என்றேன்.

"எத்தனை நாளா? டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"சொல்லிட்டோம். அவர்தான் தள்ளிவைக்கச் சொன்னார்" என்று கூசாமல் புளுகினேன். மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். பைபிள் இருந்த டிராயருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பொய் சொன்னேன். வியாழக்கிழமை அவர் ஆபரேஷன் மேஜையில் படுக்காவிட்டால் போதும் என்பது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது.

வீட்டில் "ஆஸ்பத்திரியில தேதியை மாத்திட்டாங்க" என்றேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "நல்லதுதான், இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு" என்றார்.

வியாழன் வந்து போனது. அவர் உயிரோடு இருந்தார். தப்பித்தோம் என்று நான் குதித்திருக்கவேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை அலமாரிக்கு ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு சாம்பல் நிறம். நெற்றியில் வேர்வை. ஒரு கையால் பலகையை விடாமல் பிடித்திருந்தார், மறு கையால் என்னை அருகில் வராதே என்று காட்டினார். கால் மணி நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. "ஒண்ணுமில்ல, ஏறினது வேகமா ஏறிட்டேன்" என்றார். அவர் ஏறியது நாலே படி.

ஆபரேஷனுக்குப் போனாலும் சாவு. போகாவிட்டாலும் படியில் உட்கார்ந்து காத்திருக்கிற சாவு. நான் எந்தப் பக்கம் திரும்புவேன்?

சனிக்கிழமை மதியம் என் நாத்தனார் கடைக்கு வந்தாள். அவருக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான், தங்கை. நீதிமன்ற நகல் பிரிவில் வேலை. ஒருவர் மூலப் பத்திரத்தை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே போய், ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் நிறுத்தவேண்டும். இருபது வருஷமாக அதைச் செய்து செய்து அவளுக்குப் பேச்சே அப்படி ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் அச்சகத்தின் பேர் வரைக்கும் படித்துவிட்டுத்தான் "சந்தோஷம்" என்பாள். நான் மனசுக்குள் அவளுக்குக் 'கமா' என்று பேர் வைத்திருந்தேன். எங்களுக்குள் அவ்வளவாக ஒட்டாது.

"நேத்து ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் வந்துச்சு. ஃபாரத்துல என் நம்பரும் இருக்குல்ல. அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டாங்க" என்றாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அண்ணனுக்கு எப்ப அண்ணி காய்ச்சல் வந்துச்சு?"

மென்று விழுங்கிப் பார்த்தேன். பிரயோஜனமில்லை. கத்தரியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். டைரியை எடுத்து அவள் முன்னால் தள்ளினேன்.

அவள் அந்த வரியைப் படித்தாள். அடிக்கோட்டையும் பார்த்தாள். "இதுக்காகவா?" என்றாள்.

"இதுக்காகவான்னா? ஆண்டவர் சொல்றார், உனக்கு அது சும்மாவா தெரியுது?"

"பைபிளை எடுங்க."

அவள் பையிலிருந்து ஒரு சின்ன பைபிள் வந்தது. வெட்டுமேஜையில் எனக்கு எதிரே அதைத் திறந்து, விரலை வைத்துக்கொண்டாள். "நீங்க வாய்விட்டுப் படிங்க, நான் பார்க்கறேன். அதிகாரத்தோட ஆரம்பத்துல இருந்து."

"அந்த வசனம்தான் ஆரம்பமே."

"அப்ப அதுல இருந்து, முடியற வரைக்கும்."

"எனக்குத் தெரிஞ்ச வசனம்தானே, எத்தனை தடவை படிக்கணும்?"

"ஓரத்துல ஒரு ஜாண் துணியை மட்டும் பார்த்துட்டுக் கத்தரி வைப்பீங்களா அண்ணி?"

"கடைக்கு வந்து எனக்கே தையல் சொல்லித் தர்றியா நீ!" என்று கத்தினேன். கத்திவிட்டுப் படித்தேன். பயம் அப்படி. யாராவது என்னைப் பிடித்து உட்காரவைத்தால் போதும் என்றிருந்தது.

ஒரு ராஜா வியாதிப்பட்டுச் சாகக் கிடக்கிறார். தீர்க்கதரிசி வந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வரியை மட்டும் வேகவேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன்.

"நிறுத்துங்க. சொன்னது யாரு?"

"தீர்க்கதரிசி."

"யார்கிட்ட?"

"ராஜாகிட்ட."

"சரி, மேல."

ராஜா சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஜெபம் பண்ணுகிறார். ஓவென்று அழுகிறார். வெளியே போன தீர்க்கதரிசி அரண்மனை முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை, திரும்பிப் போ என்று ஆண்டவர் அவருக்குச் சொல்கிறார். உன் ஜெபத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைப் பார்த்தேன், உன்னைக் குணமாக்குவேன், இன்னும் பதினைந்து வருஷம் தருகிறேன் என்று ராஜாவிடம் போய்ச் சொல்லச் சொல்கிறார். பிறகு அத்திப்பழத்தைக் கொண்டுவந்து ராஜாவின் உடம்பில் இருந்த கட்டியின்மேல் பற்றுப் போடுகிறார்கள். ராஜா பிழைத்துக்கொள்கிறார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் புத்தகம் என் டிராயரில் கிடக்கிறது. பிழைக்கமாட்டாய் என்று கேட்ட அந்த ராஜா அடுத்த பத்திக்குள் பிழைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியாது. வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

"பார்த்தியா! மருந்து வைக்கச் சொல்லியிருக்கு! பதினஞ்சு வருஷம்!" என்று டைரியைப் பிடுங்கினேன். பேனாவைத் தேடினேன். பதினைந்து என்று பெரிதாக எழுதி அதற்கும் ஒரு கோடு இழுக்கப்போனேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது யார்கிட்ட சொன்னது அண்ணி?"

நான் பேனாவை விடவில்லை.

"சாவுன்னு சொன்னதும் அந்த ராஜாகிட்ட. பதினஞ்சு வருஷம்னு சொன்னதும் அவர்கிட்டதான். ஒண்ணை அங்க விட்டுட்டு, இன்னொண்ணை மட்டும் நாம தூக்கிட்டு வர முடியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அப்ப எனக்குன்னு என்னதான் இருக்கு? பயமுறுத்தினதையும் எடுத்துட்டே, கொடுத்ததையும் எடுத்துட்டே. வெறுங்கையோட நான் எப்படிப் போய்க் கையெழுத்துப் போடுவேன்? நீ சொல்லு, அவர் பிழைப்பாரா மாட்டாரா?"

"தெரியாது அண்ணி." அவள் குரல் முதல் தடவையாக நடுங்கியது. "இந்த அதிகாரத்துல அது எழுதியில்ல. எந்த அதிகாரத்துலயும் இல்ல. சிலுவைக்கு முந்தின ராத்திரி, இந்தப் பாத்திரம் என்னைவிட்டுப் போகட்டும்னு இயேசுவே கேட்டார். போகலை. அதையும் சேர்த்துத்தானே நாம விசுவாசிக்கறோம். எனக்கு மட்டும் என்ன, அவர் ஒருத்தர்தானே எனக்கு அண்ணன். நேத்துல இருந்து எனக்குக் கை கால் ஓடலை."

கமா அழுது நான் பார்த்ததே இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் இரண்டு பைபிள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அந்த ராஜா சுவர்ப்பக்கம் திரும்பினப்ப அவர் கையில வாக்குத்தத்தம் எதுவும் இல்ல அண்ணி. சாவுங்கற வார்த்தை மட்டும்தான் இருந்துச்சு. அப்பவும் ஆண்டவர்கிட்டதான் பேசினார். நான் அவ்வளவுதான் படிச்சேன்."

கடையைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம். பொய்யை அவரிடம் நானே சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் படுக்கையறை ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் திருப்புளி, ஒரு புதுக் கொக்கி. அந்த ஜன்னலின் கொக்கி உடைந்து வருஷக்கணக்காகிறது. காற்று வந்தால் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

"நான்தாங்க தேதியை மாத்தினேன்" என்றேன். "ஆஸ்பத்திரியில மாத்தலை. நான் பொய் சொன்னேன். திங்கட்கிழமை எனக்கு ஒரு வசனம் வந்துச்சு..."

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ப்ளக் மாத்த வந்தேன்ல. டைரி திறந்து கிடந்துச்சு." திருப்புளியை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார். "வீட்டை ஒழுங்குபண்ணி வைன்னு போட்டிருந்துச்சு. அதான் பண்ணிட்டிருக்கேன். நான் போனப்புறம் நீ குழாய்க்கும் மோட்டாருக்கும் யார்கிட்ட போய் நிப்பே? எல்லாம் முடிஞ்சுது. இந்தக் கொக்கி ஒண்ணுதான் பாக்கி."

என் உயிரே போய்விட்டது. ஐந்து நாளாக அந்த மனிதர் என் கையெழுத்தைப் படித்துவிட்டுத் தன் சாவுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை நான் ஆண்டவருடைய அடையாளம் என்று பார்த்துப் பார்த்து நடுங்கியிருக்கிறேன். அவர் செய்ததைப் பார்த்து நான் பயந்தேன். நான் எழுதியதைப் பார்த்து அவர் செய்தார். ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு.

"நீங்கதான் கிண்டல் பண்ணுவீங்களே! மூணுல ரெண்டும்பீங்களே! அதைப் போய் நம்பினீங்களா?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கிண்டல் வேற. நீ எழுதி வச்சதை நான் எப்ப நம்பாம இருந்தேன்?" என்றார்.

தரையில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை அவருக்கு நானே படித்தேன். முதலிலிருந்து கடைசி வரை. நாத்தனார் தன் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். பாதியில் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப பதினஞ்சு வருஷமா?"

"இல்ல" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"பின்ன எத்தனை?"

"தெரியாதுங்க" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்து, தங்கையைப் பார்த்து, கொக்கியையும் திருப்புளியையும் ஜன்னல் மேடையில் வைத்தார். "சரி, போன் போடு" என்றார்.

நர்ஸ் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினாள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு இடம் இருந்தது.

கையெழுத்துப் போடுகிற தாளில், மயக்கத்திலிருந்து திரும்பாமலே போகலாம் என்று ஒரு வரி இருந்தது. நாத்தனார் தாள் முழுவதையும் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். நானும் முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டேன். போட்ட கையெழுத்தில் என் பேர் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு என்ன வசனம் விழுந்துச்சு?"

"விரல் வைக்கலைங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இதை ஒருவருக்கொருவர் நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. கதவு மூடிக்கொண்டது. அங்கே பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சுவர், வெள்ளையடித்து அழுக்கேறிய சுவர். நான் அதன் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னிடம் வசனம் இல்லை, கணக்கு இல்லை, அடையாளம் இல்லை. "அவரைத் திருப்பிக் கொடும். கொடுக்கலைன்னா என்னைப் பிடிச்சுக்கும், நான் விழுந்துடுவேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஐந்தரை மணி நேரம். என் முதுகில் நாத்தனாரின் கை இருந்துகொண்டே இருந்தது.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. அவர் மறுபடி லிப்ட் வேலைக்குப் போகிறார். நான் இப்போது ஒரு அதிகாரத்தை எடுத்தால் முடிக்காமல் கத்தரியைத் தொடுவதில்லை. டைரியை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமைகளில் கமா வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறாள், இன்னமும் சண்டை போடுகிறோம்.

அந்தக் கொக்கி மட்டும் அதே ஜன்னல் மேடையில், திருப்புளிக்குப் பக்கத்தில், துருப்பிடித்துக் கிடக்கிறது. காற்று வந்தால் ஜன்னல் அடித்துக்கொள்கிறது. குழாய் ஒழுகினால் அன்றைக்கே பார்க்கிறவர், இதை மட்டும் தொடுவதில்லை. போன வாரம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "நாலு திருகாணிங்க. அஞ்சு நிமிஷ வேலை. போடுங்களேன்."

"அது ஒண்ணு பாக்கி இருக்கட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் போய் ஜன்னலை ஒரு துணியால் கட்டிவிட்டு வந்தேன்.